மூன்றாவது கிளாஸ் எந்த ஊர்?

எழிலனின் கண்ணை இறுக்கிக் கட்டியிருந்த கைக்குட்டையில் தைல வாசனை அடித்தது. அதையும் மோந்து பார்த்து ஊர் சொல்ல வேண்டுமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“மூணு கிளாஸ் கீது, தம்பி. ஒவ்வொண்ணும் ஒரு தேசத்து சிங்கிள் மால்ட் விஸ்கி. ஒண்ணையாவது எந்த ஊருன்னு கரெக்டா சொல்லிட்டா என் பொண்ணு சில்வியா உனக்கு. இல்லாங்காட்டி, எங்க அக்கா பையன் சாவியோவுக்கு” என்றார் ஜேக்கப்.

ராயபுரம் ஜேக்கப், முப்பது வருஷம் கப்பலில் ஸ்டூவர்டாக இருந்து, ஓர் அலமாரி பாட்டில்களோடு ஓய்வு பெற்றவர். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகும் மதியச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு பெக்கை விடாதவர். சரக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாதவனுக்கு, பெண்டாட்டியின் கோபம் எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரியும் என்பது அவர் கொள்கை.

எழிலன் கொடுங்கையூர்க்காரன். போர்வெல் தண்ணீரைச் சோதிக்கும் லேபில் வேலை. பீர்கூடத் தொட்டதில்லை. அதனால் கிளாஸில் ஊற்றி வைத்த சில்வியாவே ஓர் ஏற்பாடும் செய்திருந்தாள். மேசைக்கடியில் ஓர் உதை என்றால் ஸ்காட்லாந்து, இரண்டு என்றால் ஜப்பான், மூன்று என்றால் அயர்லாந்து.

முதல் கிளாஸை உறிஞ்சினான். கருகிய இனிப்பு. தொண்டையில் ஓமம் மாதிரி ஒரு காரம். விஸ்கி என்றால் இப்படித்தான் இருக்கும் போல. ஆனால் அதற்கெல்லாம் அடியில், நாக்குக்கு நன்றாகப் பழக்கமான ஏதோ ஒன்று.

காலில் ஓர் உதை விழுந்தது. மூளை ஸ்காட்லாந்து என்றது. வாய், “மாத்தூர்” என்றது.

“இன்னாது?”

“ஸ்காட்லாந்து, அங்கிள். ஸ்காட்லாந்துல மாத்தூர்.”

“நானும் எத்தினி தபா போய்க்கீறேன். அங்க ஏதுய்யா மாத்தூரு?”

“மணலிக்குப் பக்கத்துல” என்று சொல்லிவிட்டு எழிலன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சாவியோ சிரித்தான். “கப்பலு மஞ்சம்பாக்கம் வழியாவா போச்சு, மாமு?” கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினான். “சதுப்பு மண்ணு புகை. கடல் உப்பு. ஓக் மரம். ஸ்காட்லாந்தேதான், மாமா.”

“இதான்டா நாக்கு!” ஜேக்கப்புக்குக் கண் கலங்கியது. அந்தச் சந்தோஷத்தில் தனக்கும் ஒரு பெக் ஊற்றிக்கொண்டார். குரல் குழற ஆரம்பித்தது.

இரண்டாவது கிளாஸ். காலில் இரண்டு உதை. கூடவே இன்னொன்று. அது சில்வியாவின் காலா, சாவியோவின் காலா? ஜப்பானா, அயர்லாந்தா? நாக்குக்கு மட்டும் சந்தேகமே இல்லை. நல்ல துரு.

“ஜப்பான்ல... புளியந்தோப்பு. அடிபம்பு.”

“வாய மூடிகினு சொல்லேன்!” என்று சில்வியா பல்லைக் கடித்தாள். எப்படி என்று எழிலனுக்கு விளங்கவில்லை.

மூன்றாவது கிளாஸுக்கு உதைகள் மூன்றோடு நிற்கவில்லை. சில்வியா கோபத்தில் உதைத்துக்கொண்டே இருந்தாள். ஏழாவது உதையில் அவன் உலக வரைபடத்தைக் கைவிட்டான். குடித்தான். அழுகை வந்தது.

“இது கொடுங்கையூரு, அங்கிள். எங்க தெரு போரு. எங்க வூட்டுத் தண்ணி. மன்னிச்சுக்கோங்க, இதுக்கு மேல பொய் சொல்ல வரல.”

ஜேக்கப் எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு ஆடினார். “பதினெட்டு வருஷம் மரப் பீப்பாயில தூங்கின சரக்கு! உன் தெரு போரா? சாவியோ, கல்யாணத்துக்கு டேட்டு குறிடா!”

வறுத்த வஞ்சிரத்தோடு சமையலறையிலிருந்து வந்தாள் அவர் மனைவி ஆலிஸ். தட்டை வைத்துவிட்டு, எழிலனின் கண்கட்டை அவிழ்த்தாள்.

“இன்னாத்துக்கு ஆடுறீங்க? உக்காருங்க. மூணும் கரெக்டு.”

“இன்னாடி சொல்ற?”

“டாக்டர் குடிக்கக் கூடாதுன்ன அன்னிக்கே சரக்கு மொத்தத்தையும் சிங்க்ல ஊத்தியாச்சு. மூணு மாசமா நீங்க குடிக்கிறது கருக்கின சக்கரையும் ஓம வாட்டரும். வூட்ல பைப்பாண்டயே உக்காந்துகினு கீறீங்களா, அதான் போற எடத்துல பாட்டில ரொப்பிகினு வந்தேன். மொதல்து மாத்தூர்ல எங்க அக்கா வூடு. ரெண்டாவது புளியந்தோப்புல என் டெய்லர் கடை.”

சாவியோ வாயிலிருந்த ஸ்காட்லாந்தை மெதுவாக விழுங்கினான்.

ஜேக்கப் நாற்காலியில் சரிந்தார். போதை இறங்கியிருந்தது. “அப்போ மூணாவது?”

ஆலிஸ் மீனை முள் நீக்கி அவர் தட்டில் வைத்தாள்.

“அது எழிலன் வூட்டுத் தண்ணி. போன மாசம் அவங்கம்மாவும் நானும் உக்காந்து கல்யாண டேட்டு குறிச்சோமே, அன்னிக்குப் புடிச்சது.”