நீலச் சட்டை வெட்டியதும் சிவப்புச் சட்டை ஒட்டியதும்

என் மகளைக் கண்கலங்காமல் வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதும் மறுப்புக் கடிதம். உங்கள் மாமியார் சுகம். நான் பிடிவாதத்தில் முன்பைவிடச் சுகம். வீட்டில் சுகமில்லாதது டெலிபோன் மட்டும்தான், ஆகவே தபால்.

உங்கள் வேண்டுகோள் மகள் மூலம் வந்தது. மாதம் முடிவதற்குள் இன்னும் ஒரு இணைப்புப் பிடிக்காவிட்டால் நீலக் கம்பெனி உங்களை வேலையிலிருந்து அனுப்பிவிடும், அதனால் நான் அரசாங்க லைனை விட்டு உங்களிடம் வரவேண்டும் என்கிறீர்கள். முடியாது. உத்தியோகக் காலம் முழுக்கக் குழிக்குள் உட்கார்ந்து அந்தக் கேபிளை ஒட்டியவன் நான். யார் வேண்டுமானாலும் டெலிபோன் கம்பெனி நடத்தலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். போட்டி வந்தால் கட்டணம் குறையும், வேலை பெருகும் என்றார்கள். கட்டணம் குறைந்தது உண்மை. வேலை பெருகிய லட்சணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். போன வாரம் நீலச் சட்டைக்காரன் ஒருவன் எங்கள் வாசலைத் தோண்டி உங்கள் கேபிளைப் பதித்தான், பதிக்கும்போது சிவப்புக் கம்பெனிக் கேபிளை வெட்டினான்; மறுநாள் சிவப்புச் சட்டை வந்து அதை ஒட்டியது, ஒட்டுகிற சாக்கில் உங்களுடையதை வெட்டியது; பிறகு மஞ்சள் சட்டை தன் கேபிளைப் பதிக்க வந்து பாரபட்சமில்லாமல் இரண்டையும் வெட்டி, போனால் போகிறதென்று அரசாங்கக் கேபிளையும் வெட்டியது. அரசாங்க ஆபீசுக்கு ஓடினேன். நாற்காலிகள் வரிசையாக இருக்கின்றன, ஆட்கள்தான் இல்லை. மிச்சமிருந்த ஒரே அதிகாரி, "புகாரை நேர்ல வாங்கறதில்லை சார், உங்க வீட்டு போன்லேர்ந்து சொல்லுங்க" என்றார்.

திரும்பி வந்து குழிக்குள் இறங்கி மஞ்சள் சட்டையின் காலரைப் பிடித்து இழுத்தேன். உள்ளே சிவப்புக் காலர். அதற்கும் உள்ளே நீலம். முகத்தைப் பார்த்தால், என்னிடம் உதவியாளாக இருந்த சுருட்டை!

"அண்ணே, விடுங்கண்ணே, மூணு கம்பெனியும் கசங்குது!"

"ஆட்குறைப்புன்னு உன்னை அனுப்பினாங்களே, இப்ப எந்தக் கம்பெனிடா?"

"எல்லாம்தான். மூணு பேரும் செலவைக் குறைக்கணும்னு வேலையைக் கான்ட்ராக்ட் விட்டுட்டாங்க. கான்ட்ராக்டர் ஒருத்தர். அவருக்கு ஆளு நான் ஒருத்தன்."

"அப்ப போட்டி?"

"அது சட்டைங்களுக்குள்ள. எனக்குத் துவைக்கவே நேரமில்லைண்ணே."

சண்டை போட இறங்கியவன் சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தால் கை சும்மா இருக்குமா? அறுந்த அரசாங்கக் கேபிளை நானே ஒட்டினேன். பழைய பழக்கத்தில், குழிக்குள் கிடப்பதெல்லாம் நம் ஆபீஸ் சொத்துதானே என்று மற்ற மூன்றையும் சேர்த்தே ஒட்டிவிட்டேன். இப்போது தெருவில் டாக்டருக்குப் போன் செய்தால் தையற்காரர் எடுக்கிறார். காய்ச்சல் என்று முனகினால் அளவெடுக்க வரச்சொல்கிறார். என் லைனில் மட்டும் மூச்சுப்பேச்சில்லை. "பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு இனியாவது நிறுத்துங்களேன், பாவம் மாப்பிள்ளை" என்கிறாள் உங்கள் மாமியார். என் முயல், என் கால் கணக்கு. அரசாங்க லைனைத் தவிர வேறொன்று என் வாசற்படி ஏறாது.

குடும்பமும் உத்தியோகமும் குறையில்லாமல் நடக்க ஆசீர்வதித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
அசையாத மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் கான்ட்ராக்டரே வந்துவிட்டார். உதைக்கத்தான் வந்தார் என்று நினைத்தேன், கட்டிக்கொண்டார். "மூணு கம்பெனிலேர்ந்தும் ஒரே நாள்ல புகார்! புகாருக்கு இவ்வளவுன்னு எனக்குப் பணம்! உங்களை மாதிரி ஆளு கிடைப்பாங்களா ஐயா?" ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்; மூன்றுபட்டால் கான்ட்ராக்டருக்கு. எனக்கும் வேலை போட்டுக் கொடுத்துவிட்டார், மூன்று சட்டையோடு. எந்தச் சட்டை போடுகிறோமோ அந்தக் கம்பெனி இணைப்பு வீட்டில் இருக்கவேண்டுமாம். எனவே மூன்றுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன், நீலத்துக்கு உங்கள் பெயர் சொல்லி. உங்கள் வேலை நிலைத்தது, பயம் வேண்டாம். வீட்டில் இப்போது நாலு டெலிபோன். எதற்கும் கூப்பிட்டுப் பார்க்காதீர்கள், ஒன்றும் அடிக்காது. திங்கட்கிழமை உங்கள் தெருவைத் தோண்ட நானும் சுருட்டையும் வருகிறோம், நேரிலேயே பேசிக்கொள்ளலாம்.