எருமை பூவாத்தாள் முனைவர் பட்டத்துக்கு லாயக்கான கதை

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. காடு என்றால் சிங்கம் எங்கே என்று கேட்பீர்கள். சிங்கம்தான் துணைவேந்தர். அது மீட்டிங்கில் இருக்கிறது. கதை முடிகிறவரை வெளியே வராது, அதனால் அதை இப்போதே மறந்துவிடுங்கள். நம் கதை பூவாத்தாள் என்கிற எருமையைப் பற்றியது.

பூவாத்தாள் சின்ன வயதில் அதே பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்தாள். கடைசி பெஞ்ச். ஒரு நாள் பேராசிரியர் ஏகாம்பரம் வகுப்பில் அவளை எழுப்பி ஒரு கேள்வி கேட்டார். ஏகாம்பரம் ஒரு கழுதை. நான் திட்டவில்லை, நிஜமாகவே கழுதை. பூவாத்தாளுக்குப் பதில் தெரியும். ஆனால் எருமைக்கு எதையும் ஒரு தடவை விழுங்கி, மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து, நிதானமாக அசைபோட்டால்தான் சொல்ல வரும். அதற்குள் ஏகாம்பரத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"நீயெல்லாம் எருமை மேய்க்கத்தான் லாயக்கு," என்றார்.

வகுப்பே சிரித்தது. பூவாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அதை வேலை உத்தரவு என்று எடுத்துக்கொண்டாள். பரீட்சை எழுதி, பாஸ் பண்ணி, நேராக வீட்டுக்குப் போய் எருமை மேய்க்க ஆரம்பித்தாள். முதலில் தன்னைத் தானே மேய்த்துக்கொண்டாள். கல்யாணம் ஆனதும் புருஷனை மேய்த்தாள். மேய்க்கிற வேலையிலேயே அதுதான் கஷ்டம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். பிறகு மூன்று கன்றுகள். இப்படி இருபத்திரண்டு வருஷம் ஓடிப்போனது.

கடைசிக் கன்று ஹாஸ்டலுக்குப் போன அன்று சாயங்காலம் பூவாத்தாள் குட்டையில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் தின்ற புல் மேலே வந்தது. புல்லோடு அந்த வார்த்தையும் வந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் வருகிறது. எவ்வளவு மென்றாலும் கசக்கிறதே தவிரக் கரைய மாட்டேன் என்கிறது.

"நான் பி.எச்டி. பண்ணப் போறனுங்க," என்றாள் புருஷனிடம்.

"இந்த வயசுல எதுக்கு?"

"அந்த 'லாயக்கு' தொண்டையிலயே நிக்குதுங்க. ஏகாம்பரம் சாரையே அதை மாத்திச் சொல்ல வெச்சாத்தான் கீழ இறங்கும்."

"அப்ப என்னை யாரு மேய்ப்பாங்க?"

"தானா மேஞ்சு பழகுங்க," என்று சொல்லிவிட்டுப் பூவாத்தாள் சேற்றிலிருந்து எழுந்தாள்.

விண்ணப்பம் ஆன்லைனில். பக்கத்தைத் திறந்ததும், நீங்கள் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்க எருமை இருக்கும் படங்களை எல்லாம் தொடவும் என்று வந்தது. பூவாத்தாள் முதல் படத்திலேயே நின்றுவிட்டாள். அது அவளுடைய மேட்டுக்காட்டுச் சித்தி மாதிரியே இருந்தது. சித்தி ஏன் இவ்வளவு இளைத்துவிட்டாள் என்று அவள் கவலைப்பட்டு முடிப்பதற்குள் நேரம் முடிந்து பக்கம் மூடிக்கொண்டது. நாலாவது தடவைதான் சித்தியைத் தாண்டிப் போக முடிந்தது.

அச்செடுத்த விண்ணப்பத்தோடு அலுவலகத்துக்குப் போனாள். வரிசை ஆற்றங்கரை வரைக்கும் நின்றது. ஜன்னலுக்குப் பின்னால் குமாஸ்தா, ஓர் ஓணான்.

"ஒரிஜினல் எல்லாம் இருக்காம்மா?"

"இருக்குதுங்க."

"மூணு செட் ஜெராக்ஸ்?"

"ஒரிஜினலே இருக்குதுங்களே."

"ஒரிஜினலை யாரும்மா பார்ப்பா? ஃபைல்ல போறது ஜெராக்ஸ்தான். ஆனா ஒரிஜினல் இல்லாம ஜெராக்ஸ் செல்லாது. போய் எடுத்துட்டு வாங்க."

பூவாத்தாள் போய் எடுத்துக்கொண்டு வந்து மறுபடி ஆற்றங்கரையிலிருந்து நின்றாள். இப்போது ஓணான் அவளுடைய எம்.ஏ. சான்றிதழில் தேதியைப் பார்த்தது.

"இது முடிச்சு இருபத்திரண்டு வருஷம் ஆச்சே. நடுவுல எங்க போனீங்க? அதுக்கு இடைவெளிச் சான்றிதழ் வேணும். வேற காட்டுல திரியலை, கேஸ் எதுவும் இல்லைன்னு எழுதி வாங்கணும்."

"எருமை மேய்ச்சுட்டு இருந்தனுங்க."

"யாரு மேய்க்கச் சொன்னா?"

"ஏகாம்பரம் சார் சொன்னாருங்க. வகுப்புல, எல்லார் முன்னாலயும்."

ஓணான் யோசித்தது. பேராசிரியரே சொல்லியிருக்கிறார், சாட்சிகளும் இருக்கிறார்கள் என்றால் அது இடைவெளி ஆகாது, பணி அனுபவம். 'எருமை மேய்ப்பு, இருபத்திரண்டு ஆண்டுகள், பேராசிரியரின் வாய்மொழி உத்தரவுப்படி' என்று எழுதி முத்திரை குத்தியது.

"அப்ப எனக்கு சீட்டு கிடைக்குமுங்களா?" என்று பூவாத்தாள் கேட்டாள். ஓணான் தலையை ஆட்டியது. "கிடைக்காதுங்களா?" என்றாள். அதற்கும் தலையை ஆட்டியது. ஓணான் தலை அப்படித்தான், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் சீட்டு கிடைத்துவிட்டது. ஐந்து வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் பதிவு ரத்து என்று கடிதத்தில் போட்டிருந்தது.

அவளுக்கு நெறியாளராக வந்தவர் முனைவர் நஞ்சப்பன், வெள்ளாடு. அவர் அறையில் நிறையச் செடித்தொட்டிகள் இருந்தன. ஒரு செடிக்கும் நுனி இல்லை. அலமாரிப் புத்தகங்களிலும் முதல் பக்கத்தில் மட்டும்தான் பல் பட்டிருந்தது.

"முதல்ல இதுவரைக்கும் வந்த ஆய்வுகளைப் பார்த்துரணும்மா," என்றார் நஞ்சப்பன். "நம்ம நூலகத்துல முந்நூத்திப் பன்னிரண்டு ஆய்வேடு இருக்கு. எல்லாத்தையும் மேஞ்சுட்டு வாங்க. சும்மா நுனிப்புல் மேயக் கூடாது, அடி வரைக்கும் போகணும். நல்லா உள்வாங்கணும். அசைபோடணும். செரிச்சாத்தான் ஆராய்ச்சி."

எல்லா நெறியாளர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். மாணவர்களும் கேட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் பூவாத்தாளிடம் படிப்பைப் பற்றி இதற்குமுன் யாரும் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் படிப்பு என்றால் வேறு ஏதோ என்று நினைத்துப் பயந்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

மறுநாள் காலையிலேயே நூலகத்துக்குப் போனாள். அட்டையிலிருந்து ஆரம்பித்தாள். நன்றியுரை, முன்னுரை, அத்தியாயங்கள், பின்னிணைப்பு என்று ஒழுங்காகப் போனாள். அடிக்குறிப்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பகலெல்லாம் நூலகத்தில் தின்பதும், சாயங்காலம் குட்டையில் படுத்து ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து அசைபோடுவதுமாக ஆறு மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. நன்றியுரைகள்தான் அவளுக்குப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ருசி. மற்றதெல்லாம் ஏனோ திரும்பத் திரும்ப ஒரே ருசியாக இருந்தது. படிப்பென்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டாள்.

நூலகர் ஒரு கரையான். புத்தகத்தின் மேல் அவருக்கு இருந்த பற்றைப் பார்த்துத்தான் அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் அவர் காலி அலமாரிகளைப் பார்த்து நடுங்கிப்போனார். அவர் வீட்டில் நாலு லட்சம் பேர். யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது? அலமாரியைச் சாத்திவிட்டு வாயையும் சாத்திக்கொண்டார்.

பிறகு பூவாத்தாள் எழுத உட்கார்ந்தாள். 'அசைபோடுதலும் அறிவும்: குட்டைக்கரை எருமைகளை முன்வைத்து.' நாலு வருஷம் பாடுபட்டு எழுதினாள். எல்லாம் அவள் சொந்தமாகப் பார்த்தது, கேட்டது, மென்றது. ஆய்வேட்டை ஒப்படைத்ததும், பழைய ஆய்வேடுகளில் எதிலிருந்தாவது காப்பி அடித்திருக்கிறதா என்று நூலகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நூலகத்தில் ஒன்றும் இல்லை. ஒப்புமை: பூஜ்யம் சதவீதம். நஞ்சப்பன் துள்ளிக் குதித்து வராந்தாவில் இருந்த தொட்டிகளுக்கும் நுனி இல்லாமல் செய்துவிட்டார்.

வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறித்தார்கள். அது ஐந்து வருஷக் கெடுவின் கடைசி நாள். புறத் தேர்வாளர் பக்கத்துக் காட்டிலிருந்து வந்தார். அங்கே துறைத் தலைவர். காது கொஞ்சம் நரைத்திருந்தது. மற்றபடி அதே ஏகாம்பரம்தான்.

பூவாத்தாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இவரைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தாள். ஆனால் இன்றைக்கு இவர் முடியாது என்று சொல்லிவிட்டால், அன்றைக்குச் சொன்னது நிஜம் என்று ஆகிவிடும். அப்புறம் அதை எத்தனை வருஷம் மென்று என்ன பிரயோஜனம்.

ஏகாம்பரம் ஒரு கை மிக்சரைப் போட்டுக்கொண்டு ஆய்வேட்டைப் புரட்டினார்.

"மூணாம் அத்தியாயம் என் ஆய்வேட்டுல இருந்து அப்படியே எடுத்தது. நான் இதை நிராகரிக்கறேன்."

"பூஜ்யம் சதவீதம் சார்," என்றார் நஞ்சப்பன் மெதுவாக.

"நான் இங்கதான் பட்டம் வாங்கினேன். என் ஆய்வேடு உங்க நூலகத்துல இருக்கும். கொண்டாங்க, பக்கத்துல பக்கம் வெச்சுக் காட்டறேன்."

நூலகரைக் கூப்பிட்டார்கள். கரையான் வந்து கைகூப்பினார். "அலமாரியே காலிங்க ஐயா. எங்க வீட்டுப் பசங்க வேலையாத்தான் இருக்கும். வயசு அப்படி. மன்னிச்சுக்கணும்."

பூவாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. "அவங்க இல்லீங்க. நான்தானுங்க தின்னேன்."

"எதை?"

"எல்லாத்தையும். அடி வரைக்கும் மேயச் சொன்னாருங்க ஐயா."

அறையில் இருந்த பேராசிரியர்கள் எல்லோரும் நஞ்சப்பனைப் பார்த்தார்கள். நஞ்சப்பன் மேசைக்கு அடியில் எதையோ தேடினார்.

"இதுக்குத்தான் கண்டவங்களையும் உள்ள விடக் கூடாதுங்கறது," என்று எழுந்தார் ஏகாம்பரம். "சரி, ஒரே ஒரு கேள்வி. என் ஆய்வேட்டையும் தின்னதாச் சொல்றியே, அதோட மூணாம் அத்தியாயத்துல என்ன இருந்துச்சு, சொல்லு பார்க்கலாம்."

"கொஞ்சம் இருங்க சார்," என்றாள் பூவாத்தாள். "மேல வருது."

அன்றைக்கு மாதிரியே நேரம் எடுத்தது. ஆனால் இந்தத் தடவை அவசரப்படுத்த ஆளில்லை. நாலரை வருஷத்துக்கு முன்னால் தின்ற ஆய்வேடு எப்படித் திரும்ப வரும் என்று பார்க்க எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். பூவாத்தாள் கண்ணை மூடி மென்றாள். பத்து நிமிஷம் மென்றாள்.

"சார், உங்களுது இருநூத்தி நாலாவதுங்க. அதுல மூணாம் அத்தியாயம் உங்களுது இல்லீங்க. பதினேழாவது ஆய்வேட்டோட ருசி. ரெண்டாம் அத்தியாயம் நாப்பத்தொண்ணுல இருந்து வந்துது. அதுல எழுத்துப்பிழை கசக்கும், உங்களுதுலயும் அதே இடத்துல கசக்குது. நன்றியுரை மட்டும் உங்க சொந்தம். அது நல்லா இருந்துச்சுங்க."

ஏகாம்பரத்தின் இரண்டு காதும் மடிந்து கன்னத்தில் ஒட்டிக்கொண்டன.

"ஐயாவோடது முந்நூத்தி ஆறாவது," என்று பூவாத்தாள் நஞ்சப்பன் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, போதும்மா," என்று நஞ்சப்பன் மிக்சர் தட்டை அப்படியே அவள் முன்னால் நகர்த்தினார். பார்க்க வந்திருந்த பேராசிரியர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போகிற போக்கில் யாரோ, டாக்டர் பூவாத்தாளுக்கு வாழ்த்துகள் என்றார்கள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. யாரும் முதலில் நிறுத்தத் தயாராக இல்லை.

ஏகாம்பரம் அறிக்கைத் தாளை எடுத்து, 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதப் போனார்.

"அந்த வார்த்தையைப் போடுங்க சார்," என்றாள் பூவாத்தாள்.

"எந்த வார்த்தை?"

"என்னைப் பார்த்து வகுப்புல சொன்னீங்களே, அது."

ஏகாம்பரம் விழித்தார். அவருக்கு ஞாபகமே இல்லை. வாரத்துக்கு நாலு பேரிடம் சொல்கிறவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? பூவாத்தாளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. ஆனாலும் பொறுமையாக அவருக்கு எழுத்துக்கூட்டிச் சொன்னாள். அவர் எழுதினார்: 'பூவாத்தாள் முனைவர் பட்டத்துக்கு லாயக்கு.' கையெழுத்தும் போட்டார்.

அலுவலகத்துக்குப் போகிற வழியில் பூவாத்தாள் அந்தத் தாளை மூன்று தடவை படித்தாள். நாலாவது தடவை தின்றுவிட்டாள். இனித்தது. இருபத்தேழு வருஷமாகத் தொண்டையில் நின்றது சரசரவென்று கீழே இறங்கியது. அவள் நடுப்பாதையில் நின்று அழுதாள், சந்தோஷத்தில்தான்.

"ஒரிஜினல்?" என்றது ஓணான்.

"உள்ள இருக்குதுங்க."

"மூணு செட் ஜெராக்ஸ்?"

"எடுக்கலீங்க."

"அப்ப பட்டம் தர முடியாதும்மா."

"அவர்கிட்டயே மறுபடி எழுதி வாங்கிட்டு வரட்டுங்களா?"

ஓணான் தலையை ஆட்டியது.

பூவாத்தாள் பக்கத்துக் காட்டுக்குப் போனாள். ஏகாம்பரம் மறுபடி எழுதிக் கொடுத்தார். திரும்புகிற வழியில் அவளுக்குப் பசித்தது. அடுத்த மாதமும் போனாள், வருகிற வழியில் அப்போதும் பசித்தது. இதுவரை பதினேழு தடவை எழுதி வாங்கியாகிவிட்டது. பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை, அதைப் பற்றி அவளும் கேட்பதில்லை. காடே அவளை டாக்டரம்மா என்கிறது. புருஷன் தானாகவே மேய்கிறான். மாதத்தில் முதல் திங்கட்கிழமை ஏகாம்பரத்தின் வாசலில் கொம்பு தெரிந்தாலே போதும், அவர் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது. லாயக்கு, லாயக்கு, லாயக்கு என்று எழுதி எழுதி அவருக்குக் கையெழுத்தே அழகாகிவிட்டது.

நீதி: ஒரிஜினலைத் தின்பதற்கு முன் மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளவும், தின்றது இனித்தால் எடுக்க வேண்டாம்.