சாம்பல் நிறக் கால்சட்டை

மோரிஸ் விடியுமுன் எழுந்தான். முகம் கழுவினான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். கோப்பை ஒன்றை எடுத்தான். இரண்டை எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கும் பழக்கம் இப்போதுதான் விட்டிருந்தது. ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், ரப்பர் பால்மரம் வெட்டுகிறவர்களுக்குப் பேர் போட்டான். வெளுத்ததும் வீடு திரும்பினான். வாசற்படியில் மூடிய தட்டுகள் காத்திருந்தன. தோசை, நாசி லெமாக், நேற்றுக் கறியில் புரட்டிய ரொட்டி. எல்லாவற்றையும் தின்றான். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தான். மனைவி அக்னஸ் போனதிலிருந்து காலை இப்படித்தான்.

பீடோங் பட்டணத்துக்கு வெளியே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அவன் கணக்கெழுதும் கிராணி. தட்டுகளுக்குக் காரணம் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா. அடக்கத்தன்று, ஊரே கேட்க அவள் சொன்னாள்: ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சில் அக்னஸ் தன் கையைப் பிடித்து, "அவரைப் பட்டினி போட்றாதீங்கக்கா" என்றாளாம். செத்தவள் கேட்டதை யார் தட்டுவது? தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பெண்கள் முறை போட்டுக்கொண்டார்கள்.

அக்னஸின் அண்ணன் வால்டரைக் கேட்டால், அவள் இயேசுவின் பேரைச் சொல்லித்தான் கண்ணை மூடினாள் என்பான். உபதேசியார், எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாள் என்பார். மோரிஸுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவன் கீழே காப்பி குடிக்கப் போயிருந்தான். ஆளுக்கொரு கடைசி வார்த்தை கிடைத்திருந்தது. அவனுக்கு மட்டும் காப்பி.

அவனிடம் இருந்தது ஒரு கால்சட்டை. அக்னஸ் பீடோங்கில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தவள். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அவனுக்கென்று தைத்தது. சாம்பல் நிறம். அவன் போட்டுப் பார்க்கவில்லை. அவளுடைய முதலாண்டு நினைவுப் பூசைக்கு அதைத்தான் போட்டுப் போவது என்று எப்போதோ தீர்மானித்திருந்தான். அவன் தீர்மானித்திருந்தது அது ஒன்றைத்தான்.

பூசைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எடுத்துப் போட்டுப் பார்த்தான். பட்டனும் காஜாவும் பேச்சுவார்த்தை முறிந்த சம்பந்திகளைப் போல ஆளுக்கொரு பக்கம் நின்றன.

தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர் அழகேசன் அவன் வயிற்றை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"கொழுப்பு. சோத்தக் குறைங்க கிராணி."

வருகிற தட்டைத் திருப்ப முடியாது என்றான் மோரிஸ்.

"அப்ப நடங்க."

சாயங்காலம் நடந்தான். நடப்பதற்குத் தோட்டத்தில் இருந்த நல்ல பாதை லயத்து வழியாகப் போயிற்று. கிராணி தனியாக நடப்பதைக் கண்டு ஒவ்வொரு வீடும் மனமிரங்கியது. செல்லாயி வீட்டில் தேநீரும் வடையும். மருதம்மாள் வீட்டில் வாழைப்பழம் பொரித்தது. நடையை முடிக்கும்போது புறப்பட்டதைவிட அதிகமாக மூச்சு வாங்கியது.

லோரி ஓட்டும் இருளப்பன் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அலோர் ஸ்டாரில் நடந்த ஒரு கட்டழகர் போட்டியில் எண்ணெய் பூசிக்கொண்டு மேடையேறியவன். பரிசு இல்லை. எண்ணெய் மட்டும் இன்னும் பூசிக்கொள்கிறான்.

"நடந்தா செருப்புத்தான் தேயும்ண்ணே. கொழுப்பு தேயாது லா. இரும்பத் தூக்கணும்."

இரும்பு என்பது பழைய தண்ணீர்க் குழாய். இரண்டு முனையிலும் சிமெண்டு நிரப்பிய சாயத் தகர டப்பாக்கள். லோரிக் கொட்டகைக்குப் பின்னால் மோரிஸ் அதைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தான். அதில் ஒரு நிம்மதி இருந்தது. தோளில் அது இருக்கும்போது வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

அழகேசனுக்கு இது பிடிக்கவில்லை. பளு தூக்கினால் ஆள் பெருப்பான், இளைக்க மாட்டான், எருமை தூக்காத பளுவா என்றார். எருமையின் உடம்பில் இருப்பது கொழுப்பா சதையா என்று டிரெஸர் தொட்டுப் பார்த்தாரா என இருளப்பன் கேட்டான். ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோரில், தோட்டமே வாளியோடு வரிசையில் நிற்க, வாக்குவாதம் வளர்ந்தது. கடைசியில் இருவரும் தராசை நம்புவது என்று முடிவாயிற்று. ரப்பர் ஷீட்டு நிறுக்கும் தராசில் கிராணியை ஏற்றினார்கள். சில வாரம் கழித்து மறுபடியும் ஏற்றினார்கள்.

கூடியிருந்தது.

"நம்ம கிராணிக்கு இன்னிக்கு நல்ல விளைச்சல்" என்றது வரிசையில் ஒரு குரல்.

அழகேசன் கையைக் கட்டிக்கொண்டார். இருளப்பன் அசரவில்லை. கொழுப்பையும் சதையையும் பிரித்துச் சொல்லத் தராசுக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டு, ஷீட்டுக் கட்டும் கயிற்றால் மோரிஸின் இடுப்பை அளந்தான். அவன் சொன்னது சரி. இடுப்பு இறங்கியிருந்தது. அழகேசன் கயிற்றை வாங்கித் தானும் ஒரு முறை அளந்து பார்த்துவிட்டுக் கயிறு ஈரம் என்றார்.

சேதி பாப்பம்மாவுக்கு வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. பளு தூக்கும் உடம்புக்குத் தெம்பு வேண்டும் என்று தட்டுகளோடு அவித்த முட்டையும் ஆட்டுக்கால் சூப்பும் வந்தன. சூப்போடு ஒரு நாள் போட்டோவும் வந்தது.

"பாலிங்ல என் தங்கச்சி மக. டீச்சருக்குப் படிச்சிருக்கு."

"எதுக்குக்கா?"

"ஆண்டு திரும்புறதுக்குள்ள ஆம்பள உடம்பத் தேத்துனா எதுக்குன்னு எனக்குத் தெரியாதா தம்பி? சூப்பு ஆறுது, குடி."

அது அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாயில் சூப்பை ஊற்றிக்கொண்டான். போட்டோ மேசையிலேயே கிடந்தது. மறுநாள் தோட்டம் முழுக்கக் கிராணி சம்மதித்துவிட்டதாகப் பேச்சு. வால்டர் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றபடியே, பூசையாவது முடியட்டும் மச்சான் என்று சொல்லிவிட்டு இறங்காமல் போனான்.

பூசைக்கு முதல் நாள் மோரிஸ் கதவைச் சாத்திவிட்டுக் கால்சட்டையை எடுத்தான். இடுப்பில் வைத்து அளந்து பார்த்தான். பட்டன் காஜாவைத் தொட்டது. பிறகு காலை உள்ளே விட்டான்.

துணி தொடையில் நின்றுவிட்டது. உட்கார்ந்து எழுந்து வளர்த்த தொடை அது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வீட்டு நடுவில் பாதி உடுத்த மனிதனாக வெகுநேரம் நின்றான். இடுப்பில் இருந்தது கொழுப்பு, கரைந்துவிட்டது. தொடையில் இருப்பது கரையாது என்று இருளப்பன் முன்னமே பெருமையோடு சொல்லியிருந்தான். மோரிஸ் பல்லைக் கடித்து ஒரு இழு இழுத்தான்.

டர்ரென்றது.

கட்டிலில் உட்கார்ந்தான். அவள் விரல் பட்ட கடைசித் தையல். அடக்கத்தன்று வராத அழுகை இப்போதும் வரவில்லை. துணியைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு மோட்டாரை எடுத்தான்.

ஒரு வருஷமாக அவன் அந்தத் தையல் கடை இருக்கும் தெருவுக்கே போனதில்லை. பசாருக்குப் போனாலும் சுற்றித்தான் போவான். கடையில் பிரேமாவதி இருந்தாள். அக்னஸின் பக்கத்து மிசினில் தைத்தவள். அவனைக் கண்டதும் மிசினை நிறுத்தினாள். அவனைக் கேலி செய்ய அவளுக்கு மனமில்லை போலும். தொடையை மட்டும் பார்த்தாள்.

"இப்பத்தான் வர வழி தெரிஞ்சிச்சாண்ணே?"

அவன் பொட்டலத்தைப் பிரித்தான். கிழிச்சிட்டேன் என்றான்.

அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "துணி கிழியல. தையல்தான் பிரிஞ்சிருக்கு. பிரியட்டும்னுதான் அவ தச்சா." உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பின்னாலும் தொடையிலும் மடிப்புக்குள் மடிப்பாகத் துணி பதுங்கியிருந்தது. அதில் இன்னொரு மோரிஸ் பாதி நுழையலாம்.

"யாரும் இவ்வளவு விட மாட்டாங்களே" என்றான் மோரிஸ்.

"அவ போன அன்னிக்கு அவகிட்ட நான்தான் இருந்தேன். நீங்க காப்பிக்குப் போயிருந்தீங்க."

"பாப்பம்மாக்கா கையப் பிடிச்சு..."

"அந்தக்கா அன்னிக்கு பஸ்ஸையே விட்டுட்டாங்க. ஆஸ்பத்திரிப் பக்கமே வரல."

மோரிஸ் முக்காலியில் உட்கார்ந்தான். முக்காலி முனகியது.

"நீ ஏன் சொல்லல?"

"சாவு வீட்டுல போய் இந்தச் சிலுவார் பேச்சையா எடுக்க முடியும்? என்னிக்காவது இதத் தூக்கிக்கிட்டு வருவீங்கன்னு இருந்தேன்."

"என்னதான் சொன்னா?"

பிரேமாவதி பிளேடை எடுத்து மிச்சமிருந்த தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். தலை நிமிராமல், அக்னஸ் சொன்னபடியே சொன்னாள்.

"'லயத்துப் பொம்பளைங்க சோறு போட்டுக்கிட்டே இருப்பாங்க. அவருக்கு வேணாம்னு சொல்லத் தெரியாது. நாலு விரல் துணி விட்டிருக்கேன், வந்தா பிரிச்சு விடு.'"