நெய்ச்சோற்றில் காதுக்கல்

தெரிந்ததை விளக்காமல் இருக்க முடியாதது ஒரு வியாதி. எனக்கு அது உண்டு. (இன்னும் முழுசாகக் குணமாகவில்லை. இந்தக் கட்டுரையே சாட்சி.) இந்த வியாதி உள்ளவனை வகுப்பில் நிறுத்தலாம், மேடையில் ஏற்றலாம். சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் உட்கார வைக்கக் கூடாது.

அப்போது நான் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி, துருவக் கடல் மீன்களின் காதுக்கல் பற்றி. மீனுக்குக் காது வெளியே தெரியாது, தலைக்குள்ளே இருக்கிறது. அதற்குள் சுண்ணாம்பாலான சின்னக் கல் உண்டு. மீன் ஒலியைக் கேட்பதும் கவிழாமல் நீந்துவதும் அதன் புண்ணியத்தில்தான். பனிக்கடலின் அடித்தரையில் கிடக்கும் மீனுக்கு அந்தக் கல் ஒரு வடிவம், நடுநீரில் திரியும் மீனுக்கு வேறு வடிவம். கல்லைப் பார்த்து மீனின் விலாசத்தைச் சொல்ல முடியுமா என்பதுதான் என் கேள்வி. நன்னிலத்தில் வயலுக்கு நடுவே பிறந்து, பனியை ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் மட்டுமே பார்த்தவனுக்கு எதற்கு இந்த வேலை என்று என்னைப் பெற்ற அத்தா அடிக்கடி கேட்பார். நியாயமான கேள்விதான்.

கற்கள் என்னுடையவை அல்ல. கப்பலில் போனவர்கள் கொண்டுவந்தவை. என் பேராசிரியை என்னை நம்பிக் கொடுத்தவை. தொலைந்தால் கடையில் வாங்க முடியாது. இன்னொரு கப்பல் அந்தப் பனிக்கடலுக்குப் போயாக வேண்டும். என் பட்டமே அந்தக் கற்களை நம்பித்தான் இருந்தது.

அப்படிப்பட்ட பொருளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அதிராம்பட்டினத்துக்கு மாப்பிள்ளை விருந்துக்குப் போனேன். என் வாடகை அறையில் எலித்தொல்லை. அங்கே விட்டுவர மனமில்லை. விருந்து முடிந்து நேராகப் போய்ப் பேராசிரியையிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று திட்டம். (அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.) மாத்திரை போட்டு வைக்கிற, அறை அறையாகப் பிரித்த தட்டை டப்பா ஒன்றில் கற்கள் இருந்தன.

என் மாமனார் ஜமால் மாமா பல வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து ஊரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அதிகம் பேச மாட்டார். மகள் நஸ்ரினை எனக்குக் கொடுத்தாரே தவிர, மருமகன் என்ன செய்கிறான் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. கேட்பவர்களிடம் “மீன் டாக்டர்” என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் ஒருவர் தன் வீட்டு மீன்தொட்டியைப் பார்க்க வரச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பியதும் உண்டு.

விருந்து சஹனில். பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் வழக்கம். கூடம் நிறைய சஹன்கள். எங்கள் சஹனில் நான், மாமா, நஸ்ரினின் அண்ணன், மீன் வியாபாரம் செய்யும் காசிம் காக்கா. (காக்கா என்றால் அந்த ஊரில் அண்ணன்.) சீரகச் சம்பா மணத்தில் எனக்கு வயிறு கூவியது. அந்த நேரம் பார்த்து மாமா கேட்டார்.

“மாப்பிள்ளை, நீங்க என்னதான் ஆராய்ச்சி பண்றீங்க? இன்னிக்கு வெளங்கச் சொல்லுங்க.”

என் வியாதியைத் தட்டி எழுப்பிவிட்டார். டப்பாவை எடுத்தேன். திறந்தேன். சோறு பரிமாறிக்கொண்டிருந்த மாமி எட்டிப் பார்த்து, “கத்தாழ மீன் தலையில இருக்குமே, பல்லுல கடிபடுமே, அந்தக் கல்லா?” என்றார்.

“அதேதான் மாமி. ஆனா இது பனிக்கடல் மீனு.”

மாமி அடுத்த சஹனுக்குச் சோறெடுக்க அடுப்படிக்குப் போனார். கூடத்தில் பேச்சு அடங்கி, எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்தக் கவனிப்பு என் தலைக்கு ஏறியது. மாமா ஒரு கவளத்தை உருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, மீன் இப்படிச் சாயுதுன்னு வைங்க. உள்ள இருக்குற கல்லும் கூடவே இப்படிச் சாயும். அத வெச்சுத்தான் மீனுக்கு மேல எது கீழ எதுன்னு தெரியும்.”

சொன்னதோடு விட்டிருக்கலாம். கையிலிருந்த டப்பாவை மீனாகப் பாவித்துச் சாய்த்தும் காட்டினேன். மூடி திறந்திருந்தது.

மேல் எது கீழ் எது என்று கற்களுக்குத் தெரிந்திருந்தது. அத்தனையும் நெய்ச்சோற்றில் இறங்கின. சீரகச் சம்பாவின் அதே அளவு, அதே வெள்ளை.

“யாரும் சாப்பிடாதீங்க!” என்று கத்தினேன்.

பெண் வீட்டு விருந்தில் புது மாப்பிள்ளை இப்படிக் கத்தினால் என்ன ஆகும்? கூடத்தில் அத்தனை கைகளும் அப்படியே நின்றன. பக்கத்து சஹனில் ஒருவர் “பல்லியா?” என்று மெதுவாகக் கேட்டார். அடுத்த சஹனில் அது “பல்லியாம்” ஆனது. அடுப்படியை எட்டும்போது, பெரிய பல்லி, அதுவும் வெந்துபோன பல்லி. விடியலிலிருந்து அடுப்பில் நின்ற மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்தபோது என் பட்டம் போனால் போகட்டும் என்றே தோன்றியது.

எழுந்தவர் மாமாதான்.

“பல்லியும் இல்ல, ஒன்னும் இல்ல. மாப்பிள்ளையோட படிப்புச் சாமான் தவறி விழுந்துருச்சு. நான்தான் காட்டச் சொன்னேன். எங்க சஹன்ல மட்டுந்தான், நீங்க சாப்பிடுங்க.”

அவர் காட்டச் சொல்லவே இல்லை. விளங்கச் சொல்லத்தான் சொன்னார். அவமானத்தில் பாதியைத் தன் தலையில் வாங்கிக்கொண்ட அந்த மனிதரை அந்த நொடியே எனக்குப் பிடித்துப்போனது.

பிறகு தேடல். காசிம் காக்கா ஒரு பருக்கையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, “இது அடியில கெடக்குற மீனா, நடுவுல நீந்துறதா?” என்பார். “அது சோறு காக்கா” என்பேன். என் மச்சான் முந்திரித் துண்டுகளைத் தனியாக ஒதுக்கிவைத்து, எனக்கு ஒவ்வொன்றாக ஒப்படைத்தான். நஸ்ரின் கதவோரம் நின்று சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“இப்படித் தேடுனா ஆவாது, கொண்டாங்க” என்று மாமி எழுந்தார். அரிசியில் கல் அரிப்பதுபோல, சஹனையே அண்டாவில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, ஆட்டி ஆட்டிச் சோற்றை வேறு பாத்திரத்துக்குத் தள்ளினார். கல்லைக் கண்டால் தூக்கி எறிந்தே பழகிய கை. இரண்டு முறை பழக்கதோஷத்தில் எறியப்போய், நான் அலற, நிறுத்தினார். அந்த நெய்ச்சோறு பாவம், ஆட்டுக்குப் போனது.

கழுவி, துடைத்து, டப்பாவில் அடுக்கினேன். எல்லாம் இருந்தன, ஒன்றைத் தவிர. நடுநீர் மீன் ஒன்றின் இடது காதுக்கல் மட்டும் இல்லை.

மாமா நாக்கால் கடைவாயைத் துழாவிப் பார்த்தார்.

“நீங்க சாச்சப்ப கையில ஒரு கவளம் இருந்துச்சு. நீங்க கத்துறப்ப அது வாயில. ஏதோ நறுக்குன்னுச்சு. கிராம்புன்னு நெனச்சு முழுங்கிட்டேன்.” பிறகு, கவலையோடு, “உள்ள போய் ஒன்னும் பண்ணாதுல்ல?”

“வெறும் சுண்ணாம்பு மாமா.”

“அப்பச் சரி. வெத்தலையில தெனமும் போடுறதுதானே.”

பேராசிரியைக்குப் போன் செய்தேன். சொல்லி முடித்ததும் மறுமுனையில் சத்தமே இல்லை. என் படிப்புக்கு ஃபாத்திஹா ஓதிவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு, “வலது கல் இருக்குல்ல? இடதோட படம் எடுத்தாச்சுல்ல? ஓரம் அளக்க அது போதும்” என்றார். நான் மூச்சு விட்டேன். “உங்க மாமனார் நல்லா இருக்காரா?” என்று கேட்கும்போது குரல் நடுங்கியது. சிரிப்பை அடக்கியிருக்கிறார். பின்னால் பட்டமும் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் இன்றைக்கும் சஹன் வைத்தால் யாராவது ஒருவர், “மாப்பிள்ளை, டப்பாவ மூடிட்டீங்களா?” என்று கேட்காமல் பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைப்பதில்லை.

போன வருஷம் மாமாவுக்குத் திடீரென்று தலைசுற்றல். படுக்கையிலிருந்து எழுந்தால் வீடே சுழல்கிறது என்றார். பயந்துபோய்த் தஞ்சாவூரில் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். வழியெல்லாம் அவர் என் கையை விடவில்லை. டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தபடி சொன்னார்: “பயப்படாதீங்கய்யா. காதுக்குள்ள பொடிப்பொடியா கல்லு இருக்கும். அது கொஞ்சம் எடம் மாறிருக்கு, அவ்வளவுதான்.”

மாமா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார்.

“டாக்டர், அது என் கல்லு இல்ல. இவரோடது.”

மனிதக் காதுக்குள்ளும் கல் உண்டு என்று நான் விளக்க வாயைத் திறந்தேன். மாமா கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். டாக்டர் அவரைப் படுக்க வைத்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிக் கல்லை அதன் இடத்துக்கு அனுப்பினார். வெளியே வரும்போது மாமா யாரையும் பிடிக்காமல் நடந்தார்.

வீட்டு வாசலிலேயே மாமி கேட்டார், “டாக்டர் என்ன பண்ணாரு?”

“அன்னிக்கு மாப்பிள்ளை டப்பாவச் சாச்சாரே, அதே மாதிரி என் தலையச் சாச்சாரு” என்றார் மாமா. “படிச்ச மனுசன். ஒன்னு கூடக் கீழ விழல.”