ராஜராஜனுக்கு இரண்டு ஆமாங்க

பெண் பார்க்க வருகிறவர்கள் சமைக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். மிஞ்சிப்போனால் பாடச் சொல்வார்கள். ராஜராஜ சோழன் நல்லவனா கெட்டவனா என்று கேட்பார்கள் என யாரும் எனக்குச் சொல்லிவைக்கவில்லை.

வடக்கனந்தலில் எங்கள் வீடு. கரும்பு வெட்டும் கூலியில் அப்பா என்னை வரலாறு எம்.ஏ. வரை படிக்க வைத்திருந்தார். (நான் எப்படித் தேறினேன் என்பது பேப்பர் திருத்தியவருக்கே வெளிச்சம்.) மணலூர்பேட்டையிலிருந்து பையன் வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். பையனைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அவரையே பார்த்துக்கொண்டு நடந்ததில் காபி பாதி தட்டில் கிடந்தது.

அம்மா அடுப்படியிலேயே பாடம் எடுத்திருந்தாள்: "அவங்க இன்னா சொன்னாலும் ஆமாங்கன்னு சொல்லு. உன் படிப்பெல்லாம் அங்க காட்டாத."

பையனின் அப்பா ஆரம்பித்தார். "ஹிஸ்டரி படிச்ச பொண்ணாமே! நம்ம ராஜராஜன் மாதிரி ஒரு ராஜா உண்டாம்மா? எம்மாம் பெரிய கோயிலு!"

"ஆமாங்க."

பஜ்ஜியில் கவனமாக இருந்த பையனின் தாய்மாமன் நிமிர்ந்தார். "கட்டுனாரு, சரி. கல்லு தூக்குனவன் யாரு? நம்மள மாதிரி கூலிக்காரன். வரி போட்டே ஜனங்களக் கசக்கிட்டாரு. இன்னாம்மா?"

"ஆமாங்க."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அவருக்கும் ஆமாங்குற, எனக்கும் ஆமாங்குற?" என்றார் மாமன். "ஒண்ணு சொல்லு. நல்லவரா, கெட்டவரா?"

‘விவாதிக்க’ என்று பரீட்சையில் வந்தால் எழுதுகிற பழக்கத்தில், "ஒரு பக்கம் பார்த்தா நல்லவருங்க, இன்னொரு பக்கம் பார்த்தா..." என்று தொடங்கினேன். எந்தப் பக்கம் எது என்று எனக்கே குழம்பிப்போனது. ஈழத்துப் படையெடுப்பைக் கோயில் திருப்பணியில் சேர்த்துவிட்டேன். கடைசியில், "தெரியலீங்க" என்றேன், அழாத குறையாக.

அப்பா தரையைப் பார்த்தார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

பையனின் அப்பாவும் மாமனும் விடுவதாக இல்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய மழை வேறு அவர்களைக் கிளம்பவிடவில்லை. மழை விட்டதும் சண்டை போட்டபடியே வேனில் ஏறிப் போய்விட்டார்கள். பெண் பிடித்திருக்கிறதா என்று சொல்ல மறந்தே போனார்கள், கேட்க எங்களுக்கும் தைரியமில்லை. அன்று நான் ராஜராஜனைத் திட்டியதுபோல் எந்த எதிரி மன்னனும் திட்டியிருக்க மாட்டான்.

சாயங்காலம் பையனே போன் செய்தார். "வேன்லயும் ரெண்டு பேரும் அடிச்சிக்கினேதாங்க வந்தாங்க. ரெண்டு பேருக்கும் ஆமாங்கன்னு சொல்ற ஆளுதாங்க எங்க வூட்டுக்கு வேணும். உங்களுக்கு என்னப் புடிச்சிருக்கா?"

"ஆமாங்க."

அன்றைக்கு நான் தெரிந்து சொன்ன ஒரே ஆமாங்க அதுதான்.

இப்போதும் குழம்பு எப்படி என்று கேட்டால் என் கணவர், "ராஜராஜன்" என்பார். பாராட்டு என்று மாமனாரும் தலையாட்டுவார், குறை என்று தாய்மாமனும் தலையாட்டுவார். என் குழம்பு நன்றாயிருக்கிறதா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.