கோடு நேராகக் கூடாத நாள்

கோடு மறுபடியும் வளைந்துவிட்டது.

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலை ஆய்வுக்கூடத்தில் அலோசியஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். தேயிலையின் வாசனையை அளக்கச் சீமையிலிருந்து புதிதாக வந்த மெஷின் அது. வாசனை எண்ணெயை ஊசியில் ஏற்றிச் செலுத்தினால், பேனா தாளில் ஒரு முகடு வரையும். எண்ணெய் இரண்டு மடங்கானால் முகடும் இரண்டு மடங்காக வேண்டும். வரைபடத்தில் நேர்கோடு வரவேண்டும். இவனுக்கோ அளவு கூடக் கூடக் கோடு புதுப்பெண் போலத் தலை குனிந்தது.

"இந்த மாசத்துக்குள்ள நேராக்கலேன்னா மெஷினைத் திருப்பி அனுப்பிருவேன். ஒன்னையக் கொழுந்து நிறுக்க அனுப்பிருவேன்" என்றார் அதிகாரி பொன்னையா.

கொழும்புக் கம்பெனி மெக்கானிக் அந்தோனிமுத்து, டிரைவர் பழனியாண்டி ஓட்ட, வேனில் வந்தார்.

"சூட்டைக் கூட்டிப் பாப்போம் தம்பி."

கூட்டினார்கள். கோடு இன்னும் குனிந்தது.

அடுத்த முறை, "பேனாவைக் கொஞ்சம் உசுப்பி விடுவோம்" என்றார். உசுப்பிவிட்ட பேனா தாளின் உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. முகடுகளெல்லாம் மேசை மாதிரித் தட்டையாகிவிட்டன.

"மோசமாயிருச்சிங்களே!"

"அதுக்கென்ன, திரும்ப வர்றேன்."

அவர் திரும்ப வருவது அலோசியசுக்குப் பிடித்திருந்தது. குவாட்டர்சில் அவனும் பனியும்தான். மற்ற நாட்களில் அவன் வாய் திறப்பது ரொட்டி விற்க வரும் பாண்காரனிடம் "ஒண்ணு" என்று சொல்வதற்கு மட்டுமே. அந்தோனிமுத்து வந்தால் சோறும் தேங்காய்ச் சம்பலும் பங்கு போட்டுக்கொண்டு, பொழுது சாயும்வரை சிரிப்பும் பேச்சுமாக இருக்கும்.

ஒரு காலை, கை தவறி ஊசியில் மிகக் கொஞ்சமாக ஏற்றிவிட்டான். சரி போகட்டும் என்று எல்லா அளவையும் அப்படியே குறைத்துச் செலுத்தினான். கோடு அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல நேராக வந்தது. இத்தனை நாளும் மெஷின் தாங்காத அளவைத் திணித்திருக்கிறான்!

"வந்திருச்சி!" என்று கத்தினான். கேட்க ஆளில்லை.

பிறகுதான் உறைத்தது. இனி அந்தோனிமுத்துவை எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

பொன்னையாவிடம் பிறகு காட்டிக்கொள்ளலாம், கடைசியாக ஒரே ஒரு தடவை என்று தபாற்கந்தோருக்கு ஓடித் தந்தி அடித்தான்: 'கோடு படுமோசம். உடனே வரவும்.'

அவர் வந்ததும் ஊசியை நிறைய ஏற்றிச் செலுத்தினான். கோடு சொன்னபடி குனிந்தது.

"அடடா, இன்னும் சரியாகலியே!" என்றார் அந்தோனிமுத்து, குளிருக்குப் போட்டிருந்த மேல்கோட்டைக் கழற்றி நிதானமாக ஆணியில் மாட்டியபடி.

அன்று இருவரும் வழக்கத்தைவிட அதிகம் பேசினார்கள். புறப்படும்போது அலோசியஸ் வேன் வரைக்கும் கூடவே போனான். வேனில் ஏறியவர், தொப்பியை மறந்துவிட்டதாகச் சொல்லி மறுபடி உள்ளே போனார்.

டிரைவர் பழனியாண்டி சட்டென்று ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"தம்பி, ஊசியில கம்மியா ஏத்துங்க, கோடு நேராயிரும். அவரு மொத நாளே கண்டுபுடிச்சிட்டாரு, சொல்லிட்டா இங்க வர வேலையிருக்காதுன்னு வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. இந்த மலை ரோட்டுல என் முதுகுல்ல போகுது!"