ஐஸ் மெஷின் பழுது என்றொரு ஃபோல்டர்

இரண்டு பேர் பாவிக்கிற கம்ப்யூட்டரில் இரகசியம் வைக்க நினைப்பவருக்குக் கொஞ்சமாவது மூளை வேண்டும். எனக்கு அது நிறைய இருப்பதாக நம்பிக்கொண்டிருந்த வயதில் நடந்தது இது.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம், மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் விற்கும் ஓர் ஆலையில் எனக்குக் கணக்கெழுதும் கிளாக் வேலை. முதலாளி கிண்ணியாக்காரர், எல்லோருக்கும் அவர் ஹாஜியார். என்னை அவர் 'மகள்' என்றுதான் கூப்பிடுவார். கந்தோரில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் எங்கள் இருவருக்கும் பொது. பாஸ்வேர்ட் கிடையாது. (போட்டால் அவர் மறந்துவிடுவார்.) அவருடைய ஈமெயில்களை அவர் சொல்லச் சொல்ல நான்தான் அடிப்பேன்.

கொழும்பில் ஒரு கம்பனி என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. ஹாஜியாரிடம் சொல்லவில்லை. என் போனின் கமரா உடைந்திருந்ததால், அவர் மதியத் தொழுகைக்குப் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்து, கேள்வியையும் நானே கேட்டுப் பதிலையும் நானே சொல்லிப் பழகி, அதைப் பதிவுசெய்வேன். அந்த வீடியோக்களை ஒருவரும் திறக்க விரும்பாத பெயரில் ஒளித்துவைக்க வேண்டும் என்று யோசித்து, ஃபோல்டருக்கு 'ஐஸ் மெஷின் பழுது' என்று பெயர் வைத்தேன். (அன்று முழுக்க என்னை நானே மெச்சிக்கொண்டேன்.)

அடுத்த கிழமை ஐஸ் மெஷின் பழுதானது.

ஐஸுக்காகக் காத்துநின்ற சல்லிக் கிராமத்து மீனவர்களை நான் வாசலில் சமாளித்துக்கொண்டிருந்தேன். உள்ளே மெக்கானிக், பழைய பழுதுகளின் விபரம் ஏதும் இருக்கிறதா என்று கேட்பது கேட்டது.

"மகள் எல்லாம் ஒழுங்காப் போட்டு வெச்சிருப்பா," என்றார் ஹாஜியார், பெருமையாக.

பிறகு கேட்டது என் குரல்.

"இப்ப செய்யிற வேலையை ஏன் விடப்போறீங்க?"

"அங்க படிக்க ஒண்டுமில்ல, சேர். முதலாளிக்கு ஒரு ஈமெயில்கூட அனுப்ப ஏலாது. நான் இல்லாட்டி அந்தக் கந்தோரே ஓடாது."

வாசலில் ஒருவர் சிரித்தார். நான் உள்ளே ஓடி, வீடியோவை நிறுத்துவதாக நினைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். மீதியைத் துறைமுகமே கேட்டது.

ஹாஜியார் முடியும்வரை பார்த்தார்.

"இன்டர்வியூ எப்ப, மகள்?"

"வெள்ளிக்கிழமை, ஹாஜியார்."

"லீவு எடுங்க. அந்தக் கடைசிப் பதிலக் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேலை கிடைக்கவில்லை. திங்கட்கிழமை கந்தோருக்குத் திரும்பியபோது, அவர் ஒற்றை விரலால் கீபோர்டில் எழுத்துத் தேடிக்கொண்டிருந்தார்.

"விடுங்கோ ஹாஜியார், நான் அடிக்கிறன்."

"வேணாம் மகள். நானும் பழகத்தானே வேணும்."

குரலில் கோபம் இல்லை. ஆனால் நான் அங்கே வேலை செய்த காலம் முழுவதும், அதன்பிறகு ஒரு ஈமெயில்கூட அவர் என்னிடம் தரவில்லை. மன்னிப்புக் கேட்க எத்தனையோ தரம் அவருக்கு முன்னால் போய் நின்று, ஐஸ் எவ்வளவு போனது என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

என் கல்யாணத்துக்கு அவரால் வர முடியவில்லை. ஈமெயில் வந்தது, அவரே அடித்தது: "மகள்சந்தோசமாஇருங்கஅல்லாஹ்உதவிசெய்வான்."

ஒவ்வொரு கல்யாண நாளிலும் என் கணவர் அதை மூச்சுவிடாமல் ஒரே இழுவையில் வாசிப்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட ஒரு பொத்தான் இருக்கிறது என்று அவருக்குக் காட்டியிருக்க வேண்டியவள், பக்கத்துக் கதிரையில் இருந்த நான்தான்.